கச்சோலத்துக்குப் பெயர் தந்த மருத்துவர்

நாட்டு மருந்துக் கடையில் கச்சோலம் என்று கேட்டால் மணம் வீசும் வெண்ணிறக் கிழங்குத் துண்டுகளை எடுத்துத் தருவார்கள். குளியல் பொடியில் சேர்ப்பவர் உண்டு. இருமலுக்கு மருந்தாகக் கொள்பவர் உண்டு. நம் பாட்டிமார் நன்கறிந்த இந்தக் கிழங்குக்குத் தாவரவியல் நூல்கள் தரும் பெயர் கெம்பெரியா கலங்கா. கெம்பர் என்ற மருத்துவரின் நினைவாக லின்னேயஸ் இட்ட பெயர் அது. இஞ்சிக் குடும்பத்தைப் பாடத்தில் படித்தபோது, யார் இந்தக் கெம்பர், நம் கிழங்குக்கும் அவருக்கும் என்ன உறவு என்று அறியும் ஆவல் எனக்கு எழுந்தது.

இந்த ஆவலுக்கு இன்னொரு காரணமும் உண்டு. நான் சேர்வராயன் மலையில் நாகலூரில் பிறந்தவன். ஏற்காட்டிலிருந்து காப்பித் தோட்டங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து வரும் பாதையில் எங்கள் ஊர் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் மாசிபத்திரி என்றொரு செடி உண்டு. இலையைக் கசக்கினால் மூக்கைத் துளைக்கும் மணம். இலையின் அடிப்புறத்தில் வெண்பஞ்சு போன்ற மெல்லிய மயிர். சேலத்துப் பூக்கடைகளில் கதம்பத்தோடு சேர்த்துக் கட்டுகிறார்களே, அந்த மரிக்கொழுந்து இதற்கு உறவு. இரண்டும் ஆர்ட்டிமிசியா என்னும் ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. இதே பேரினத்துச் செடி ஒன்றின் இலைப் பஞ்சை உடம்பின் மேல் வைத்துக் கொளுத்தி நோய் தீர்க்கும் கலை ஜப்பானில் உண்டு. அந்தக் கலையை அந்நாட்டிலேயே இருந்து கற்று, உலகறிய விரித்து எழுதியவர் யார் என்று பார்த்தால், அவரும் இதே கெம்பர்தான்! கடையில் கிடைக்கும் கிழங்கும் மலையில் முளைக்கும் செடியும் ஒரே மனிதரிடம் என்னைக் கொண்டுபோய் நிறுத்தின. அவருடைய வாழ்க்கையை நான் படித்தறிந்த அளவில் இங்கே எழுதுகிறேன்.

இளமை

எங்கெல்பெர்ட் கெம்பர் 1651-ஆம் ஆண்டு செப்டம்பர் 16-ஆம் நாள் ஜெர்மனியின் வடமேற்கிலுள்ள லெம்கோ என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தை அவ்வூர்த் தேவாலயத்தின் பாதிரியார். முப்பதாண்டுப் போர் முடிந்து மூன்றாண்டுகளே ஆகியிருந்த காலம் அது. போரின் வடு ஆறுவதற்குள் அவ்வூரை வேறொரு நோய் பிடித்தது. சூனியக்காரர் என்று குற்றம் சாட்டி ஆண்களையும் பெண்களையும் வதைத்துக் கொன்றார்கள். கெம்பரின் உறவினரான ஒரு பாதிரியாரே 1666-இல் அந்தப் பழிக்கு உயிர் கொடுத்தார். அப்போது கெம்பருக்கு வயது பதினைந்துகூட நிரம்பவில்லை. அறியாத ஒன்றைக் கண்டு அஞ்சுவதும், அஞ்சியதை அழிப்பதும் எவ்வளவு கொடியவை என்பதை அவர் புத்தகத்தில் படிக்கவில்லை. தம் தெருவிலேயே கண்டார். பிற்காலத்தில் எந்த நாட்டாரின் வழக்கத்தையும் எள்ளாமல், முதலில் உற்று நோக்கி எழுதும் பண்பு அவரிடம் வளர்ந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம் என்பது என் எண்ணம்.

லெம்கோவை விட்டுப் புறப்பட்ட அவர் ஊர் ஊராகச் சென்று படித்தார். ஹாம்பர்க், லூபெக், டான்சிக், கிராகோ, கோனிக்ஸ்பெர்க் என்று நீளும் அந்தப் பட்டியல் 1681-இல் சுவீடன் நாட்டு உப்சாலாவில் வந்து நிற்கிறது. மொழிகள், வரலாறு, மருத்துவம், இயற்கை நூல் அனைத்தையும் கற்றார். பட்டம் பெறுவதற்கு அவசரப்படவில்லை. நாற்பது வயதைக் கடந்த பிறகே அவர் மருத்துவப் பட்டம் பெற்றார் என்றால் நம்மில் பலருக்கு வியப்பாக இருக்கும்!

பாரசீகமும் மலையாளக் கரையும்

1683-இல் சுவீடன் அரசர் ரஷ்யாவுக்கும் பாரசீகத்துக்கும் ஒரு தூதுக்குழுவை அனுப்பினார். கெம்பர் அதன் செயலாளராகச் சென்றார். மாஸ்கோ வழியாகக் காஸ்பியன் கடலை அடைந்து, பாக்கு அருகே நிலத்திலிருந்து ஊறும் எண்ணெய்க் கிணறுகளைக் கண்டு குறித்துக்கொண்டு, 1684-இல் இஸ்பகான் நகரம் சேர்ந்தார். தூதுக்குழு திரும்பியபோது இவர் திரும்பவில்லை. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியில் மருத்துவராகச் சேர்ந்தார். பழைய பெர்சிபோலிஸ் நகரின் இடிபாடுகளில் ஆப்பு வடிவ எழுத்துகளைப் படியெடுத்தார். பாரசீக வளைகுடாவின் கரையில் வெப்பம் தகிக்கும் பந்தர் அப்பாஸ் துறைமுகத்தில் சில ஆண்டுகள் பணி செய்தார். நோயும் கண்டார்.

1688-இல் அங்கிருந்து கப்பலேறிய கெம்பர், மலையாளக் கரையையும் இலங்கையையும் தொட்டுக்கொண்டு 1689-இல் ஜாவாத் தீவின் படேவியா நகரை அடைந்தார். இன்று ஜகார்த்தா என்று வழங்கும் நகரம் அதுதான். மலையாளக் கரையில் தங்கிய நாட்களையும் அவர் வீணாக்கவில்லை. பாம்பாட்டிகள் நாகத்தை ஆட்டுவதைக் கூர்ந்து கவனித்தார். கால் பெருத்துப் புண்ணாகும் ஒரு நோயைக் கண்டு, அவ்வூரார் சொன்ன பெயரையே கேட்டு எழுதிக்கொண்டார். பெரிக்கால் என்று அவருடைய இலத்தீன் நூலில் அந்தச் சொல் நிற்கிறது. பெருங்கால் என்னும் நம் சொல்லை அதில் கண்டுகொள்ள அகராதி வேண்டியதில்லை. அவர் கண்டது யானைக்கால் நோய் என்று கொள்வோர் உண்டு. 1842-இல் மதுரை மருத்துவர் ஒருவர் விவரித்ததால் மதுரைப் பாதம் என்று உலகெங்கும் பெயர் பெற்ற பூஞ்சை நோய் என்று கொள்வோரும் உண்டு. எப்படியாயினும், நோயைப் பார்த்தவர் அந்த மண்ணின் சொல்லையும் சேர்த்துக் காப்பாற்றினார் என்பதே என்னைக் கவர்ந்தது.

விசிறித் தீவு

1690 செப்டம்பரில் கெம்பர் ஜப்பானின் நாகசாகித் துறைமுகத்தில் இறங்கினார். இறங்கினார் என்பதைவிட அடைக்கப்பட்டார் என்பதே பொருந்தும். அக்காலத்தில் ஜப்பான் மேலைநாட்டாருக்குத் தன் கதவை மூடியிருந்தது. டச்சு வணிகருக்கு மட்டும், கடலில் மண் கொட்டி விசிறி வடிவில் அமைத்த தெஜிமா என்னும் சின்னஞ்சிறு தீவில் இருக்க இடம் தந்திருந்தார்கள். கெம்பர் அதைத் தம் கால்களாலேயே அளந்தார். நீளம் 236 எட்டு, அகலம் 82 எட்டு. நம் கல்லூரி விளையாட்டுத் திடலை மனத்தில் எண்ணிக்கொண்டால் அத்தீவின் அளவு விளங்கும். ஒரு பாலம், ஒரு காவல் வாயில், எந்நேரமும் கண்காணிப்பு. தீவுக்குள் வரும் மொழிபெயர்ப்பாளரும் பணியாளரும் தம் நாட்டுச் செய்தி எதையும் அந்நியருக்குச் சொல்வதில்லை என்று குருதியால் ஒப்பமிட்டு ஆணையிட வேண்டும். மீறினால் கடுந்தண்டனை.

இத்தகைய இடத்தில் ஒருவர் என்ன கற்க முடியும்? கெம்பர் வழி கண்டார். நோய் என்று வந்தவர்களுக்குக் கூலி வாங்காமல் மருந்து கொடுத்தார். விரும்பியவர்களுக்கு வான நூலும் கணக்கும் சொல்லிக் கொடுத்தார். ஐரோப்பிய மதுவையும் தாராளமாக வழங்கினார். கேட்பதற்கு முன் கொடுப்பது அவர் வழக்கம். கொஞ்சம் கொஞ்சமாக வாய்கள் திறந்தன. செடிகள் வந்தன, படங்கள் வந்தன, நாட்டார் பயன்படுத்தும் அச்சு நூல்களும் வந்தன.

டச்சு வணிகர்கள் ஆண்டுக்கொரு முறை எடோ நகரம் சென்று ஷோகுனை வணங்கி வர வேண்டும். இன்றைய தோக்கியோவே அன்றைய எடோ. கெம்பர் 1691-இலும் 1692-இலும் இந்தப் பயணம் சென்றார். வழியெல்லாம் பெட்டியொன்றில் செடிகளைச் சேகரித்து, அவற்றின் மறைவில் திசைகாட்டியை வைத்துப் பாதையைக் குறித்துக்கொண்டார். அரண்மனையில் ஷோகுன் சுனயோஷி தட்டித் திரைக்குப் பின்னே அமர்ந்து, இந்த அந்நிய மருத்துவரைப் பாடச் சொன்னார், ஆடச் சொன்னார், குடிகாரன் போல நடிக்கச் சொன்னார். கெம்பர் எல்லாம் செய்தார். அறிவுக்காக ஒரு கற்றறிந்த மனிதர் எதையெல்லாம் பொறுத்துக்கொண்டார் என்பதை எண்ணிப் பாருங்கள்! அதே ஷோகுனின் ஆதரவில் அப்போது எடோவில் சுகியாமா வாயிச்சி என்ற பார்வையற்ற மருத்துவர் ஊசி மருத்துவத்தில் புகழ் பெற்று, தம்மைப் போன்றோருக்குப் பள்ளி நடத்திக்கொண்டிருந்தார் என்பதும் இங்கே நினைக்கத் தக்கது.

தீயால் ஆறும் நோய்

ஜப்பானியரின் சூட்டு மருத்துவத்துக்கு வருவோம். அந்தப் பஞ்சுக்கு அவர்கள் மொழியில் மோகுசா என்று பெயர். எரியும் புல் என்பது அதன் பொருள். ஐரோப்பியர் வாயில் அது மோக்சா ஆயிற்று. கெம்பருக்கு முன்பே, படேவியாவில் இருந்த புஷாஃப் என்ற டச்சுப் பாதிரியார் தம் கீல்வாதம் இந்தச் சூட்டால் தணிந்ததைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதியிருந்தார். 1674 முதல் 1676 வரை ஜப்பானில் இருந்த டென் ரைன் என்ற மருத்துவரும் 1683-இல் ஊசி மருத்துவத்தைப் பற்றி நூல் வெளியிட்டார். ஆயினும் செய்முறையையும் இடங்களையும் படத்தோடு விளக்கியதில் கெம்பரின் பங்கு பெரிது.

இளந்தளிர்களைப் பறித்து உலர்த்துகிறார்கள். பின்னர் நெடுநாள் காற்றாட வைக்கிறார்கள். பழைய இலையே சிறந்தது. அதை இடித்து, கையால் தேய்த்து, நரம்பும் தூளும் உதிர்ந்த பின் எஞ்சும் மென்பஞ்சை மட்டும் எடுக்கிறார்கள். அதை விரல் நுனியில் உருட்டிச் சிறு கூம்பாக்கி, உரிய இடத்தில் தோலின் மேல் வைத்து, ஊதுவத்தியால் தலையில் தீ வைக்கிறார்கள். பஞ்சு சுடர் விடாமல் மெல்லக் கனன்று சாம்பலாகிறது. பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடும் ஐரோப்பிய வழக்கத்தைக் கண்டு வளர்ந்த கெம்பருக்கு இந்த மென்மை வியப்பளித்தது.

கலையின் உயிர் பஞ்சில் இல்லை, இடத்தில் இருக்கிறது. எந்த நோய்க்கு எந்த இடம், எத்தனை கூம்பு, எந்தக் காலம் என்பதைத் தேர்ந்தவரே அறிவார். முன்னும் பின்னுமாக மனித உருவம் வரைந்து இடங்களைக் குறித்த அச்சுத் தாள் ஒன்று கெம்பருக்குக் கிடைத்தது. அதை விளக்கத்தோடு தம் நூலில் சேர்த்தார். நோயாளிகள் மட்டுமன்றி நோயற்றவர்களும் வருமுன் காக்கச் சூடு வைத்துக்கொண்டார்கள் என்றும், ஆயுள் சிறையில் கிடப்பவருக்குக்கூட ஆறு மாதத்துக்கொரு முறை வெளியே வந்து சூடு வைத்துக்கொள்ளும் சலுகை உண்டு என்றும் அவர் குறித்துள்ளார். முழங்காலுக்குக் கீழே உள்ள சான்ரி என்னும் இடத்தில் சூடு வைத்துக்கொண்டால் நடைக்களைப்பு வராது என்பது வழிப்போக்கர் நம்பிக்கை. கெம்பர் கடலில் இருந்த அதே 1689-இல், பாஷோ என்ற புகழ்பெற்ற கவிஞர் அவ்வாறு செய்துகொண்டுதான் தம் நெடும்பயணத்துக்குக் கிளம்பினார்.

சூடு என்றால் நமக்கும் புதிதன்று. சித்த மருத்துவத்தின் 32 புற மருத்துவங்களில் சுட்டிகை ஒன்று. வடமொழி நூலாகிய சுசுருதத்திலும் தீயால் செய்யும் சிகிச்சை உண்டு. ஆனால் ஒன்றை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். பச்சிளங் குழந்தைக்கு வலிப்பு, மாந்தம் என்று சொல்லி மஞ்சளாலும் கம்பியாலும் சூடு போடும் வழக்கம் வேறு. அது புண்ணாகிச் சீழ் வைத்து உயிருக்கே கேடாகும். ஜப்பானில் இன்று இக்கலையைச் செய்ய, 1947-இல் வந்த சட்டத்தின்படி, குறைந்தது மூன்றாண்டு படித்து அரசுத் தேர்வில் வென்று உரிமம் பெற வேண்டும். அதன் பயன் எந்த நோய்க்கு எவ்வளவு என்பதில் இன்றைய ஆராய்ச்சியாளர் இன்னும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் மாசிபத்திரியைக் கொளுத்திப் பார்க்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்!

பெயர் சொல்லப்படாத மாணவர்

கெம்பரின் வாழ்வில் என் நெஞ்சைத் தொட்ட பகுதி இனித்தான் வருகிறது. தெஜிமாவில் அவருக்குப் பணியாளாக ஓர் இளைஞரை அமர்த்தினார்கள். கெம்பர் அவருக்கு டச்சு மொழியை இலக்கணத்தோடு கற்பித்தார். உடற்கூறும் மருத்துவமும் சொல்லிக் கொடுத்தார். இளைஞர் கைம்மாறாகக் கெம்பர் கேட்டவற்றையெல்லாம் தேடிக் கொணர்ந்தார். தடை செய்யப்பட்ட நூல்களும் அவற்றுள் அடங்கும். ஆசிரியர் யார், மாணவர் யார் என்று பிரிக்க முடியாத உறவு அது. அந்த இளைஞர் இல்லாவிட்டால் கெம்பரின் ஜப்பான் நூல்கள் இல்லை.

தம் நூலின் முன்னுரையில் கெம்பர் அந்த இளைஞரை மனமாரப் போற்றுகிறார். ஆனால் பெயரைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? டச்சுக் கப்பலில் அந்நூல் மீண்டும் நாகசாகி வந்தால், குருதியால் ஆணையிட்டு மீறிய குற்றம் வெளிப்படும். இளைஞரின் உயிரே போகலாம். புகழைக் கொடுப்பதா, உயிரைக் காப்பதா என்ற கேள்விக்குக் கெம்பர் தந்த விடை மௌனம் என்றே நான் கொள்கிறேன். ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் கழித்தே ஆராய்ச்சியாளர்கள் அந்தப் பெயரை உறுதி செய்தார்கள். இமாமுரா எய்செய் என்பது அது. 1671-இல் பிறந்த அவர், பின்னாளில் தலைமை மொழிபெயர்ப்பாளராக உயர்ந்து, அறிஞர் அராய் ஹகுசேகி இத்தாலியப் பாதிரியார் சிதோத்தியை விசாரித்தபோது துணை நின்று, 1736-இல் மறைந்தார்.

இதே காலத்தில் நம் பக்கத்தில் நடந்ததை ஒப்பிட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. கொச்சியில் டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுத்த மலையாளக் கரைத் தாவர நூல் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிவந்தது. அதற்கு மூலிகை அறிவு தந்தவர் இட்டி அச்சுதன் என்ற நாட்டு வைத்தியர். அவருடைய சான்றுரை அவர் எழுதிய எழுத்திலேயே முதல் தொகுதியில் அச்சாகியிருக்கிறது. அங்கே பெயரைச் சொல்வது நன்றி. தெஜிமாவில் சொல்லாமல் விட்டதும் நன்றிதான்.

இறுதிக் காலம்

1692-இன் இறுதியில் ஜப்பானை விட்டுப் புறப்பட்ட கெம்பர், மறு ஆண்டு ஹாலந்து சேர்ந்தார். 1694-இல் லைடன் பல்கலைக்கழகத்தில் தாம் கண்ட பத்து அரிய செய்திகளை ஆய்வுரையாக அளித்து மருத்துவப் பட்டம் பெற்றார். மலையாளக் கரையின் பெரிக்காலும் ஜப்பானின் மோக்சாவும் அந்தப் பத்தில் அருகருகே இடம்பெற்றன.

ஊர் திரும்பியவருக்கு அமைதி கிட்டவில்லை. லிப்பே சிற்றரசரின் மருத்துவராக ஓயாத வேலை. 1700-இல் நடந்த திருமணம் இன்பம் தரவில்லை. பிறந்த மூன்று குழந்தைகளும் சிறு வயதிலேயே இறந்தன. பெட்டி பெட்டியாகக் குறிப்புகள் இருந்தும் எழுத நேரமில்லை. 1712-இல்தான் 900 பக்கங்களுக்கு மேற்பட்ட இலத்தீன் நூலொன்றைச் சொந்த ஊரிலேயே அச்சிட்டார். மோக்சா, ஊசி மருத்துவம், தேயிலை, பேரீச்சை, கிங்கோ மரம் என்று பலவும் அதில் இருந்தன. ஜப்பானைப் பற்றிய பெருநூல் கையெழுத்தாகவே கிடக்க, 1716 நவம்பர் 2-ஆம் நாள் அவர் காலமானார்.

லண்டன் மருத்துவர் ஹான்ஸ் ஸ்லோன் அந்தக் கையெழுத்துகளை விலைக்கு வாங்கினார். ஷாய்க்சர் என்ற இளைஞர் மொழிபெயர்க்க, 1727-இல் ஜப்பான் வரலாறு ஆங்கிலத்தில் வெளிவந்தது. காலம் செய்த விந்தை பாருங்கள்: 1801-இல் நாகசாகியில் ஷிசுகி தாதாவோ என்ற அறிஞர் கெம்பரின் கட்டுரை ஒன்றை ஜப்பானிய மொழியில் பெயர்த்தபோது, பூட்டிய நாடு என்று பொருள்படும் சகோகு என்ற சொல்லைப் படைத்தார். ஜப்பானியர் தம் வரலாற்றின் ஒரு காலத்துக்கு வழங்கும் பெயரே இந்த அந்நியரின் எழுத்திலிருந்து பிறந்தது.

நமக்கு என்ன?

எங்கள் மலையில் செடி அறிந்த பெரியவர்கள் இருக்கிறார்கள். எந்தக் கொடியின் வேர் எந்தக் கடிக்கு உதவும், எந்த இலையை எந்த மாதத்தில் பறிக்க வேண்டும் என்று அவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். மாசிபத்திரியை எனக்கு முதன்முதலில் காட்டிய தாத்தா சென்ற ஆண்டு மறைந்தார். அவர் அறிந்தவற்றில் கால் பங்குகூட எந்த நோட்டிலும் இல்லை. தாவரவியல் மாணவர்களாகிய நாம் செடியை அழுத்தி உலர்த்தி ஒட்டும் தாளில் அறிவியல் பெயர், குடும்பம், இடம், நாள், சேகரித்தவர் பெயர் எல்லாம் எழுதுகிறோம். அந்தச் செடியைச் சுட்டிக்காட்டி அதன் பயனைச் சொன்னவரின் பெயருக்கு அத்தாளில் ஒரு வரி ஒதுக்கப்படுவதில்லை. இமாமுராவுக்குப் பெயரை மறைக்க வேண்டிய ஆபத்து இருந்தது. எங்கள் தாத்தாக்களுக்கு அப்படி எந்த ஆபத்தும் இல்லை. பெயர் விடுபடுவதற்கு நாம் எழுதாததைத் தவிர வேறு காரணமும் இல்லை.

இந்த ஆண்டு முதல் என் தாள்களில் ஒரு வரியைக் கூடுதலாகச் சேர்த்திருக்கிறேன்: சொன்னவர் பெயரும் ஊரும். அவர்களிடம் கேட்டு, அவர்கள் இசைந்தால் எழுதுகிறேன். வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன். விடுமுறையில் ஊருக்குச் செல்லும் நண்பர்கள் தத்தம் ஊரில் இவ்வாறு பத்துச் செடிகளுக்காவது செய்து வந்தால், நம் துறையின் உலர்தாவரத் தொகுப்பு இரண்டே ஆண்டுகளில் வேறொன்றாகிவிடும். பேராசிரியப் பெருமக்கள் இதற்கு வழிகாட்ட வேண்டுமென்று பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன்.